குறைப்பதற்கு எதுவுமில்லாத வீடு

எங்கள் சந்தில் தண்ணீர் வந்துவிட்ட செய்தியைக் குழாய்களுக்கு முன்பே குழந்தைகள் அறிவித்துவிடுவார்கள். முதல் வீட்டுக் குழாய் இருமத் தொடங்கியதும் ஏதாவது ஒரு பிள்ளை "தெலோ இன் வினி!" என்று கத்தும். தண்ணீர் வந்துவிட்டது என்று பொருள். அந்தக் குரல் வேலிக்கு வேலி தாவிச் சந்தின் கடைசி வரை போகும். பிளாஸ்டிக் டிரம்களின் மூடிகள் ஒவ்வொன்றாகத் திறபடும் ஓசை அதன் பின்னால் வரும். கடைசி வீட்டுக்கு முந்தைய வீடு எங்களுடையது. குரல் எங்களை அடைந்து வெகுநேரம் கழித்துத்தான் தண்ணீர் அடையும்.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. மொரீஷியசின் கிழக்கே, சென்ட்ர் டி ஃப்ளாக் நகரிலிருந்து பஸ்ஸில் சிறிது தூரத்தில் இருந்த ஒரு கிராமத்துக் கோயிலுக்கு அர்ச்சகராக என் கணவர் தமிழ்நாட்டிலிருந்து வந்திருந்தார். கோயிலுக்குப் பின்னாலிருந்த கூடத்தில் நான் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பித்தேன். அதனால் ஊர் முழுவதற்கும் நான் "மிஸ்". அங்கே தமிழ் என்பது தேவாரத்திலும் காவடிப் பாட்டிலும் அக்கா, மாமா என்ற அழைப்புகளிலும் இருந்தது. மற்றபடி பேச்செல்லாம் கிரியோல். நானும் அதை மெல்லக் கற்றுக்கொண்டேன். இங்கே நான் எழுதும் உரையாடல்கள் கிரியோலில் கேட்டவை. இத்தனை ஆண்டுகளில் அவை எனக்குள் தமிழாக மாறியே தங்கிவிட்டன.

சந்தின் கடைசி வீட்டில் இருந்தவள் ஏறக்குறைய என் வயதினள். அவளுடைய முன்னோர் தமிழர்கள். எப்போதோ கத்தோலிக்கர்களாகிவிட்ட குடும்பம். குடும்பப் பெயர் மட்டும் தமிழாக எஞ்சியிருந்தது, அதையும் அவள் பிரெஞ்சுக்காரர்போல மூக்கால் உச்சரிப்பாள். அவள் கணவர் கொத்தனார். கிராண்ட் பே என்ற கடற்கரை ஊரில் ஒரு ஹோட்டல் கட்டியபோது சாரத்திலிருந்து விழுந்து, இடுப்புக்குக் கீழே அசைவை இழந்து, முன்னறைக் கட்டிலில் படுத்தவர். அதுவரை அவள் சட்டைத் தொழிற்சாலையில் காலர் தைத்துக்கொண்டிருந்தாள். ஊரில் அதை "லிஸின்" என்பார்கள். அவர் விழுந்த பிறகு லிஸினை விட்டுவிட்டு, வீட்டுக்குப் பின்னாலிருந்த மனையில் கொத்தமல்லி, மிளகாய், கீரை, ஒரு பெரிய பாத்தி நிறையச் சாமந்தி என்று பயிரிட்டு ஃப்ளாக் சந்தையில் விற்றாள். தைப்பூசக் காவடிகளுக்கு அந்த வட்டாரத்தில் பெரும்பாலும் அவளுடைய பூக்கள்தான்.

அவரைச் சில மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். இல்லாவிட்டால் முதுகில் புண் வந்துவிடும். அதற்கு ஆள் வீட்டிலேயே இருக்க வேண்டும். தோட்டம் பிழைத்திருக்கும் வரை அவள் வீட்டிலிருக்கலாம். தோட்டம் போய்விட்டால் லிஸின் பஸ்ஸில் ஏற வேண்டியதுதான். இதை அவள் என்னிடம் ஒரே ஒரு முறை சொன்னாள், கீரைக்கட்டுக்கு நார் சுற்றிக்கொண்டே, வானிலையைச் சொல்வதுபோல.

அந்த ஆண்டு மழை பொய்த்தது. நீர்த்தேக்கத்தின் தரை வெடித்துக் கிடப்பதைத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். பிறகு ஒரு நாள் தண்ணீர் அலுவலகத்திலிருந்து ஓர் இளம் அதிகாரி கோயிலுக்கு வந்தார். மெல்லிய குரல், பணிவு, இஸ்திரி கலையாத சட்டை. வீடுகளில் தண்ணீரைச் சிக்கனப்படுத்தச் சொல்லி ஊர் ஊராகப் பேச அவர்களுக்கு ஆள் தேவைப்பட்டது. மாதா கோயிலில் ஒருவர், பள்ளிவாசலில் ஒருவர், எங்கள் கோயிலில் மாதர் குழு. குழுவின் தலைவி முனைவீட்டு அம்மாள். கனத்த உடலும் அதைவிடக் கனத்த குரலும் உடையவர். ஊரே அவரைத் "தந்தின்" என்று அழைக்கும், அத்தை என்பதுபோல. அவர் என்னைச் சுட்டிக்காட்டி, "படிச்சவங்க சொன்னாத்தான் காதுல ஏறும். நா சொன்னா சண்டைன்னு நெனப்பாங்க" என்றார்.

நான் வீடு வீடாகப் போனேன். பல் துலக்கும்போது குழாயை மூடுங்கள், கழிவறை ஃபிளஷ் தொட்டியில் தண்ணீர் குறைவாகப் பிடிக்க உள்ளே ஒரு செங்கல்லை வையுங்கள், பாத்திரம் கழுவிய தண்ணீரைச் செடிக்கு ஊற்றுங்கள், பாத்தியைக் கரும்புச் சோகையால் மூடுங்கள் என்று சொன்னேன். தகரக் கூரைகள் போய்க் காங்கிரீட் வீடுகள் எழும்பிக்கொண்டிருந்த காலம். பெண்கள் லிஸினிலும் பிள்ளைகள் ஹோட்டல்களிலும் சம்பாதித்த காசில் புதுக் குளியலறைகளும் சலவை இயந்திரங்களும் வந்திருந்தன. புதிதாக வந்த குழாயைத் திறப்பதில் ஒரு பெருமை இருந்தது. அதை மூடச் சொல்லி நான் கதவைத் தட்டினேன்.

கடைசி வீட்டில் சொல்வதற்கு எனக்கு ஒன்றும் இருக்கவில்லை. அரிசி களைந்த தண்ணீர் கீரைக்கும் துணி அலசிய தண்ணீர் சாமந்திக்கும் போய்க்கொண்டிருந்தன. அடியில் ஆணியால் துளையிட்ட பால் டின்னைக் கையில் பிடித்துச் செடி செடியாக நனைத்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கும் சொல்லுங்க மிஸ், கேக்குறேன்" என்றாள் சிரித்தபடி. உள்ளேயிருந்து அவள் கணவர், "அவகிட்ட சொல்லாதீங்க மிஸ். அப்புறம் எங் கண்ணீரையும் டின்ல புடிப்பா" என்றார்.

வெறும் பேச்சுக்கு யாரும் மசியமாட்டார்கள் என்று அலுவலகத்துக்கும் தெரிந்திருந்தது. அதனால் ஒரு பரிசை அறிவித்தார்கள். செடியின் வேரில் சொட்டுச் சொட்டாக விழும்படி துளைகள் இட்ட கறுப்புக் குழாய், அதை இணைக்க உயரத்தில் வைக்கும் ஒரு டிரம், இரண்டும் இலவசம். ஒரு மாதம் கழித்து வீடுகளின் மீட்டரைப் படிப்பார்கள். தைக்குள் இன்னொரு முறை படிப்பார்கள். முதல் கணக்கிலிருந்து கால் பங்கு குறைத்துக்காட்டும் வீட்டுக்குப் பரிசு. மக்கள் தயாராவதற்குத்தான் அந்த ஒரு மாத அவகாசம் என்றார் அதிகாரி. அவர் நல்லெண்ணத்தோடுதான் சொன்னார்.

அவள் அந்தக் குழாயை எப்படி விரும்பினாள் என்பதை நான் அறிவேன். ஒரு குச்சியால் மண்ணில் கோடு கிழித்து எந்த வரிசையில் எது ஓடும் என்று எனக்குக் காட்டினாள். டின்னைத் தூக்கி நடக்கும் நேரம் மிஞ்சும், அந்த நேரத்தில் இன்னொரு பாத்தி போடலாம், இருக்கும் தண்ணீரில் வறட்சியைக் கடந்துவிடலாம். பிறகு நிமிர்ந்து கேட்டாள்:

"கால் பங்கு எதுல கொறைக்கறது மிஸ்?"

நான் வீட்டைச் சுற்றிப் பார்த்தேன். இரண்டு பேர், ஒரு குழாய்.

அந்த வாரமே தந்தினின் வீட்டு முற்றத்தில் மாதர் குழு கூடியது. பட்டாணி உரித்துக்கொண்டே பேசினார்கள். தந்தின் தொடங்கினார்:

"இங்க பாரு மா ஃபி, மொத தடவ படிக்க வரப்ப மீட்டர் நல்லா கொழுத்திருக்கணும். அப்பத்தான் ரெண்டாவது தடவ எளைச்சது தெரியும்."

மா ஃபி என்றால் என் மகளே. வயது பாராமல் எல்லோரையும் அவர் அப்படித்தான் விளிப்பார். ஒருத்தி, "அதுக்கு என்ன செய்றது, சும்மா தொறந்துவிடறதா?" என்று கேட்டாள்.

"சும்மா ஏன் விடணும்? காவடிக்கு வீடு கழுவணுமா இல்லையா? அத இப்பவே கழுவிடு."

எல்லோரும் சிரித்தார்கள். பிறகு சிரிப்பு நின்று, அது எவ்வளவு பொருத்தமான யோசனை என்று ஒவ்வொரு முகமாகத் தெளிவதை நான் பார்த்தேன். தைப்பூச விரதத்துக்குக் கொடி ஏறுவதற்கு முன்பு அங்கே ஒவ்வொரு வீட்டையும் கூரையிலிருந்து தரை வரை கழுவுவார்கள். இறைச்சி சமைத்த பாத்திரங்களைத் தேய்த்துப் பரணில் ஏற்றுவார்கள். திரைச்சீலை, பாய், மெத்தை உறை ஒன்றும் மிஞ்சாது. சுத்தம் செய்யாத வீட்டில் விரதம் இல்லை. அந்தச் சுத்தத்தை இரண்டு மாதம் முன்னுக்கு இழுத்துவிடுவது என்று முடிவாயிற்று.

"தண்ணியக் கொட்டிட்டு அப்பறம் சேமிச்சேன்னு சொல்றது சரியா தந்தின்?" என்று நான் கேட்டேன்.

"சாமிக்கு வீடு கழுவுறது பாவமா மிஸ்? உங்க வூட்டுக்காரரையே கேட்டுப் பாருங்க!"

"சாமிக்குன்னா தையில கழுவலாமே."

"தையில கழுவினா மீட்டர் ஏறிடுமே" என்றார் அவர், வகுப்பில் மந்தமான பிள்ளைக்குச் சொல்லும் பொறுமையோடு. மறுபடி சிரிப்பு. அவர்கள் கெட்டவர்கள் அல்லர். யாருக்காவது துன்பமென்று கேட்டால் அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வருபவர்கள். விதி எப்படி எழுதப்பட்டிருந்ததோ அப்படியே அதைப் படித்தார்கள், அவ்வளவுதான்.

அந்த மாதம் எங்கள் சந்து நனைந்து கிடந்தது. சுவர்கள் கழுவப்பட்டன, முற்றங்கள் கழுவப்பட்டன, கழுவிய முற்றம் காய்வதற்குள் மறுபடி கழுவப்பட்டது. சைக்கிள்கள் மின்னின. சாக்கடையில் வெள்ளை நுரை மிதந்துவர, வாத்துகள் அதில் இறங்கிக் களித்தன. நான் கையில் சிக்கனக் குறிப்புகளோடு அந்த ஈரத்தில் நடந்துபோனேன். "போன்ஜூர் மிஸ்! சேமிக்கறோம் மிஸ்!" என்று ஹோஸ் பைப்பை ஆட்டி வாழ்த்தினார்கள்.

யாரோ கடைசி வீட்டுக்காரியிடமும் சொல்லியிருந்தார்கள், நீயும் திறந்துவிடு, நீதான் முதலில் திறக்க வேண்டியவள் என்று. ஒரு பிற்பகல் நான் போனபோது அவள் குழாயடியில் நின்றுகொண்டிருந்தாள். திருகைத் திறந்தாள். தண்ணீர் வெறும் தரையில் விழுந்து ஓடியது. ஒரு கணம் பார்த்தாள். குனிந்து ஒரு வாளியை அடியில் தள்ளினாள். வாளி நிறைந்ததும் குண்டான், குண்டான் நிறைந்ததும் சமையல் சட்டி, பிறகு பூ வைக்கும் ஜாடி.

"என்ன சத்தம் அங்க? நோவா மாதிரி கப்பல் கட்டப் போறியா?" என்றார் கட்டிலிலிருந்தவர்.

அவள் குழாயை மூடினாள். "கை கேக்கல மிஸ்" என்றாள்.

அவள் திறந்துவிட்டிருந்தாலும் பெரிதாக ஒன்றும் ஓடியிருக்காது. மேலே அத்தனை குழாய்களும் ஓடியதால் சந்தின் கடைசிக்கு நூல்போலத்தான் தண்ணீர் வந்தது. முதல் கணக்கு எடுத்தபோது எல்லா வீட்டு மீட்டர்களும் தந்தின் சொன்னபடி கொழுத்திருந்தன. அவளுடையது மட்டும் வழக்கத்தைவிடவும் இளைத்திருந்தது.

நான் பஸ் ஏறிச் சென்ட்ர் டி ஃப்ளாக் போனேன். பஸ் நிலையத்துக்கு அருகிலிருந்த அலுவலகத்தில் அதிகாரி எனக்கு நாற்காலியை இழுத்துப்போட்டார். சந்தில் நடந்ததை நான் சொல்லவில்லை. சொன்னால் பரிசே நின்றுவிடலாம், அதனால் அவளுக்கு ஒரு நன்மையும் வராது. அந்த ஒரு வீட்டைப் பற்றி மட்டும் சொன்னேன்: படுக்கையிலிருக்கும் கணவர், தோட்டம், டின்.

அவர் முழுவதும் கேட்டார். "எனக்குப் புரியுது மதாம். அவங்க ஏற்கெனவே கம்மியாத்தான் செலவு பண்றாங்க. ஆனா கொறச்சதுக்குத்தான் பரிசு. கம்மியா இருக்கறதுக்கு இல்ல."

"கம்மியா இருக்கறவங்க என்ன செய்யணும்?"

அவர் மேசை மேலிருந்த பேனாவை நேராக வைத்தார். விதி தலைநகரில் எழுதப்பட்டது, ஒரு வீட்டுக்குத் தளர்த்தினால் நூறு வீடு வந்து நிற்கும் என்றார். மேலே பேசிப் பார்ப்பதாகவும் சொன்னார். பேசியும் பார்த்தார் என்று பிறகு அறிந்தேன். "பே கி பு ஃபேர், மதாம்?" என்றார் கடைசியில். என்ன செய்ய முடியும் என்று பொருள். அந்தத் தீவில் பேச்சை முடித்துவைக்க அதைத்தான் சொல்வார்கள். நான் நன்றி சொல்லி எழுந்தேன். பஸ் திரும்பிய வழியெங்கும் கரும்புத் தோட்டங்களில் பெரிய நீர்த்தெளிப்பான்கள் நிதானமாகச் சுழன்றுகொண்டிருந்தன.

டிசம்பரில் வர வேண்டிய மழையும் வரவில்லை. தண்ணீர் விடும் நேரத்தைச் சுருக்கினார்கள், பிறகு இன்னும் சுருக்கினார்கள். அவள் தோட்டத்தைப் பகுதி பகுதியாகக் கைவிடத் தொடங்கினாள். முதலில் கொத்தமல்லியை விட்டாள். பிறகு கீரை. மிளகாயைப் பற்றி ஒரு வாரம் யோசித்தாள். சாமந்தியில் மொட்டுக் கட்டியிருந்ததால் இருந்த தண்ணீரையெல்லாம் அதற்கே கொடுத்தாள். காவடிக்குப் பூ விற்றுவிட்டால் அடுத்த மழை வரை தள்ளிவிடலாம் என்பது அவள் கணிப்பு. நான் எங்கள் வீட்டு அலசல் தண்ணீரை வேலிக்கு மேலாகக் கொடுப்பேன். மற்றவர்களும் கொடுத்தார்கள். ஆனால் இப்போது அவர்களுக்கும் மீட்டரை இளைக்கவைக்க வேண்டியிருந்தது, அதனால் எந்த வீட்டிலும் அலசல் தண்ணீர் அதிகம் மிஞ்சவில்லை. அப்போது சந்து உண்மையாகவே சேமித்தது. நான் கதவு கதவாகச் சொன்ன அத்தனையையும் செய்தார்கள், செங்கல் உட்பட.

இரண்டாவது கணக்கில் எங்கள் சந்துதான் வட்டாரத்திலேயே முதல். கிராமக் கூடத்தில் விழா வைத்தார்கள். எனக்கு மாலை போட்டார்கள், நான் தயங்கித் தயங்கிக் கிரியோலில் நான்கு வார்த்தை பேசினேன். அதிகாரி ஒவ்வொரு வீடாக அழைத்துக் கறுப்புக் குழாய்ச் சுருளைக் கொடுத்தார். அவளும் வந்திருந்தாள், கதவோரம் நின்று எல்லோருக்கும் கைதட்டினாள். அதிகாரியின் கண்கள் ஒருமுறை அவளிடம் போய் உடனே வேறு பக்கம் திரும்பின. அவர் தேநீருக்கு நிற்காமல் புறப்பட்டார்.

சாமந்தி பூத்தது. சட்டைப் பொத்தான் அளவில், ஓரம் கருகி. காவடி கட்டுபவர்கள் வந்து பார்த்தார்கள், அவள் மனம் நோகக்கூடாதென்று கொஞ்சம் வாங்கினார்கள், மீதியை வேறு ஊரில் வாங்கினார்கள். பூசம் முடிந்த மறுநாள் பாத்தி முழுவதும் வைக்கோல் நிறமாகியிருந்தது.

தந்தின் தன் சுருளைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தார். மூச்சு வாங்கியது. "இந்தா மா ஃபி, நீ வெச்சுக்கோ. எங்கிட்ட என்ன தோட்டம் இருக்கு, ஒரு கறிவேப்பிலைச் செடி. அதுக்கு இது பாம்பு மாதிரி சுத்திக் கெடக்கும்."

அவள் மறுக்கவில்லை. "மெர்சி, தந்தின்" என்றாள். நாங்கள் மூவரும் அதைப் பிரித்துப் பாத்தியில் நீட்டினோம். செடியில்லாத மண்ணின் மேல் அது கோணலில்லாமல் அழகாக விழுந்தது. தந்தின் வீட்டுக் குழாயின் திருகைத் திறந்து பார்த்தார். உள்ளிருந்து காற்று மட்டும் வந்தது. "அயோ மமா" என்றார் தணிந்த குரலில். அந்தக் குரலில் அவர் பேசி நான் அதற்கு முன் கேட்டதில்லை.

"விதை போட்டாலும் ரெண்டு மாசம் ஆகும் தந்தின். லிஸின்ல இந்த வாரம்தான் ஆள் எடுக்கறாங்க" என்றாள் அவள்.

அடுத்த திங்களன்று விடியற்காலையில் தொழிற்சாலை பஸ்ஸில் ஏறினாள். மாதர் குழு முறை போட்டு அவரைப் பார்த்துக்கொண்டது. காலையில் தந்தினும் இன்னொருத்தியும் வருவார்கள், பிற்பகலில் வகுப்புக்கு முன் நானும் என் கணவரும். அவர் கனமானவர். நாங்கள் புரட்டும்போது, "மெதுவா சாமி, நா உங்க உற்சவ மூர்த்தி இல்ல, கீழ விழுந்தா ஒடஞ்சுடுவேன்" என்பார். என் கணவர் சிரித்துவிடுவார், பிடி தளரும். சில வாரங்கள் இப்படி நடந்தது. பிறகு ஒருத்திக்குப் பேரன் பிறந்தான், ஒருத்திக்கு மூட்டு வலி வந்தது. மழை ஒருவழியாகப் புயலோடு வந்தபோது இரண்டு நாள் யாராலும் வெளியே இறங்க முடியவில்லை. முதுகில் முதல் புண் அப்போது வந்தது. அவள் பஞ்சைத் தோய்த்துத் துடைத்துக்கொண்டிருந்தாள். நான் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் அன்று ஒன்றும் பேசவில்லை.

தீவின் நடுவே மேட்டுப்பகுதியில் உள்ள சேன் பியேரில் அவருக்கு ஒரு தங்கை இருந்தாள். வேலைக்குப் போகாதவள், பெரிய வீடு. அவள் டாக்ஸியோடு வந்தாள். நான்கு ஆண்கள் அவரைத் தூக்கிப் பின்னிருக்கையில் கிடத்தினார்கள். அவர் தலையைத் திருப்பி மனைவியைத் தேடினார். அவள் அன்று விடுப்புக் கேட்டுக் கிடைக்காமல் பஸ்ஸில் போயிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மாதா கோயில் பூசை முடிந்ததும் இரண்டு பஸ் மாறிப் போய் அவரைப் பார்த்து வருவாள். முதல் ஞாயிறு மாலை அவள் திரும்பியபோது நான் வேலியருகே காத்திருந்தேன். எப்படியிருக்கிறார் என்று கேட்டேன்.

"நல்லா இருக்காரு மிஸ். புண்ணு ஆறிட்டு வருது." கையிலிருந்த பையை மறு கைக்கு மாற்றினாள். "அங்க தெனமும் மழ. பின்னால பள்ளத்துல தண்ணி தேங்கி நிக்குது, கொசு தொல்ல தாங்கலேன்னு நாத்தனா திட்டுறா. ரெண்டு பேருமா ஒரு மண்வெட்டி எடுத்து அத வெளிய வெட்டி விட்டோம்."

சிரிக்கப் பார்த்தாள். காலையில் பஸ்ஸுக்கு எழ வேண்டும் என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.